பதினோரு ஒன்றுகளும் ஒரு சோபாக்காரரும்

சோபா தைப்பவரின் வாயில் எப்போதும் ஆணிகள் இருக்கும். மரச்சட்டத்தின் மேல் துணியை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கையில் சுத்தியலை வைத்திருப்பவருக்கு ஆணி வைக்க வேறு இடம் கிடையாது. ஆகவே ஏழெட்டு ஆணிகளை உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டு, நாக்கின் நுனியால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளுவார். தெருவில் அவருக்கு 'ஆணி' என்றே பெயர் நிலைத்துவிட்டது; மரியாதை தெரிந்தவர்கள் 'ஆணியண்ணன்' என்பார்கள். வேலை நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் புருவத்தால் பதில் சொல்வார். சொல்ல வேண்டியதையெல்லாம் சாயங்காலத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வார்.

சாயங்காலம் அவருடைய மனைவி பேருந்து நிலையத்திலிருந்து வருவாள். அங்கே விசாரணைச் சாளரத்தின் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும், எந்த நடைமேடை, ஏன் தாமதம், கழிப்பறை எங்கே என்று நாள் முழுவதும் ஊராருக்குப் பதில் சொல்வது அவள் வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. தைத்து முடித்த சோபாவை உரியவரிடம் ஒப்படைப்பதற்கு முன் இருவரும் அதில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். அவள் இரண்டு முறை குதித்துவிட்டு, "இடது பக்கம் பள்ளம்" என்றோ, "வக்கீல் வீட்டுக்கு இது போதும்" என்றோ தீர்ப்புச் சொல்வாள். அதன்பின் தேநீர். ஆணிகளை டப்பாவில் துப்பிவிட்டு அவர் அன்றைய கதைகளைத் தொடங்குவார், அவள் கேட்பாள். ஊரார் அனைவருக்கும் பதில் சொல்லிக் களைத்த ஒருத்தி தம் கதையை மட்டும் காது கொடுத்துக் கேட்கிறாள் என்பதில் அவருக்கு ரகசியமான ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்துக்குக் கேடு வந்தது ஒரு கடைவாய்ப் பல்லினால்.

மனைவிக்குப் பல்வலி. தெருக்கோடியில் இருந்த பல் டாக்டர் பல்லைச் சரிசெய்ததோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் காத்திருப்பு அறையில் கூடும் ஒரு சிறு வட்டத்துக்கும் அவளை அழைத்துவிட்டார். எண்களை உடைப்பவர்களின் வட்டம் அது. டாக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வரைபடக்காரர் ஒருவர், சலவைக்கடை நடத்தும் அம்மாள் ஒருவர், இன்னும் ஓரிருவர். ஒவ்வொருவரும் ஒரு பெரிய முழு எண்ணைத் தமக்கென எடுத்துக்கொள்வார்கள். அது சிறிய எண்களின் பெருக்கமாக உடையுமா, அல்லது எதற்கும் வளைந்து கொடுக்காத பகா எண்ணா என்று கண்டுபிடிக்க வேண்டும். கருவி கூடாது, எங்கேயும் விடை தேடக்கூடாது, தாளும் பேனாவும் மட்டுமே. எல்லாவற்றுக்கும் மேலான விதி, அடுத்தவர் எண்ணைத் தொடக்கூடாது என்பது. "அடுத்தவங்க பிரஷ்ஷை எடுத்து நீங்க பல் விளக்குவீங்களா?" என்று டாக்டர் கேட்பார்.

மனைவி எடுத்துக்கொண்டது பதினோரு ஒன்றுகளை வரிசையாக நிறுத்திய எண்: 11111111111. வாயால் சொன்னால் ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.

முதல் நாள் சாயங்காலம் அதைப் பற்றி அவள்தான் அவருக்குச் சொன்னாள்.

"இங்க பாருங்க, எந்தப் பக்கமிருந்து படிச்சாலும் அதேதான். ரெட்டை எண் இல்ல. கூட்டுத்தொகை பதினொன்னு, அதனால மூணால போகாது. அஞ்சு, ஏழு எதாலயும் போகாது."

"பன்னெண்டு ஒன்னா இருந்தா?"

"அது உடனே உடைஞ்சிடும். ஒன்னுங்களை மும்மூணாப் பிரிச்சு நிறுத்தலாம் இல்ல? அப்போ நூத்திப் பதினொன்னால வகுபடும். ரெண்டு ரெண்டா நிறுத்தினா பதினொன்னால. பதினோரு பேரை எப்படிப் பிரிச்சு நிறுத்துவீங்க? ஒருத்தனாவது மிச்சம் நிப்பான். அதான் இதுக்கு அவ்வளவு திமிர்."

திமிர் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்தது கண்டிப்பு அன்று, செல்லம். ஆணி அதைக் கவனித்தார்; ஆனால் அப்போது பொருட்படுத்தவில்லை.

போகப்போகப் பொருட்படுத்த வேண்டியதாயிற்று. மாதங்கள் செல்லச் செல்ல அவள் சொல்வது குறைந்து, தாளில் எழுதுவது கூடியது. உட்கார்ந்து பார்க்கும் சோபாவில் தாளோடு உட்கார்ந்தாள். குதிக்கவில்லை. ஒரு நாள் அவர் வேண்டுமென்றே ஒரு பக்கத்துச் சுருள்கம்பியைப் பொருத்தாமல் விட்டுப் பார்த்தார். சாய்ந்த கப்பலில் பயணம் செய்பவளைப் போல அவளும் சாய்ந்தபடியே வகுத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் மனைவிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் நடந்த சண்டையை அவர் நடித்துக் காட்டியபோது "ம்" என்றாள். அதே நேரத்தில் வகுத்தலின் அடியில் ஏதோ ஒரு மீதியைக் கண்டு சிரித்தாள். தம்மைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவர் எண்ணிப் பார்த்தார்.

பட்டறையில் அவருக்குத் துணை மனைவியின் தம்பி. பஞ்சு அடைப்பதும் அக்காள் கணவரைச் சீண்டுவதும் அவனுடைய இரண்டு வேலைகள். இரண்டாவதில் அவன் கைதேர்ந்தவன்.

"என்ன மாமா, வீட்டுக்குப் புதுசா ஆள் வந்திருக்கார் போல?"

ஆணி புருவத்தை உயர்த்தினார்.

"ஒருத்தர் இல்ல, பதினோரு பேரு. எல்லாரும் நல்லா ஒல்லியா, நிமிர்ந்து நிக்கிறாங்க. நீங்களும் கொஞ்சம் தொப்பையைக் குறைக்கலாம் மாமா."

ஆணி டப்பாவில் ஆணிகளைத் துப்பினார். "போடா, வேலையைப் பாரு."

"நான் பார்க்கிறேன். அக்கா தினமும் போன்ல யார்கிட்ட பேசுதுன்னு நீங்க பார்த்தீங்களா?"

பார்த்திருந்தார். கேட்டும் இருந்தார். "பதினேழாயிரம் தாண்டியாச்சு டாக்டர்" என்று முந்தின நாள்தான் அவள் தொலைபேசியில் சொன்னாள். எத்தனை தாண்டியது, எங்கே நிற்கிறது என்று கட்டிய கணவனுக்குத் தெரியாது. பல் பிடுங்குகிறவருக்குத் தெரியும்! அன்றைக்கு அவர் அடித்த ஆணிகளில் பாதி வளைந்து போயின.

மறுநாள் தமக்கும் பல் வலிப்பதாகச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போனார். எதிரியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். நாற்காலி பின்னால் சாய்ந்தது, வாய் திறக்கப்பட்டது, அதற்குள் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, பஞ்சுச் சுருள்கள், உறிஞ்சு குழாய். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில் பழக்கம் உள்ளவர்தான். ஆனால் இதற்கு முன் எதிரியின் கை அங்கே இருந்ததில்லை.

"அக்காவோட வீட்டுக்காரரா? முன்னாடியே சொல்லக்கூடாதா!" என்றார் டாக்டர் மகிழ்ச்சியோடு. "என்னோடது பத்தொன்பது ஒன்னு. பல வருஷமா இழுத்துட்டிருக்கேன், அசைய மாட்டேங்குது. என் கனவுல கூட வருது, தெரியுமா?"

அடுத்த அரைமணி நேரம் அவர் பேசியதெல்லாம் தம்முடைய பத்தொன்பது ஒன்றுகளைப் பற்றித்தான். ஆணி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, மனைவியின் பெயரோ புகழோ எங்கே தலைகாட்டும் என்று காத்துக் கிடந்தார். ஒரே ஓர் இடத்தில் வந்தது.

"அக்காவுக்கு நான் ஒரு வழிதான் காட்டினேன். பதினோரு ஒன்னு உடையிறதா இருந்தா, அதை உடைக்கிற பகா எண்ணை இருபத்திரண்டால வகுத்தா மீதி ஒன்னுதான் வரும். வேற எதுவும் வராது. அதனால இருபத்து மூணு, அறுபத்தேழு, எண்பத்தொன்பதுன்னு இருபத்திரண்டு இருபத்திரண்டாத் தாவிப் போனாப் போதும். மூணு, அஞ்சு, ஏழுல போறதை விட்டுடலாம். எத்தனை வேலை மிச்சம், பாருங்க! வலிக்குதா?"

"ஆ... ஆ..." என்றார் ஆணி.

"பல்லு நல்லா இருக்கு. ஏன் வந்தீங்க?"

வெளியே வந்தபோது ஒன்று தெளிவாகியிருந்தது. அந்த டாக்டர் பாவம். பத்தொன்பது ஒன்றுகளுக்கு வாழ்க்கைப்பட்டவர். அவர்மீது சந்தேகப்படுவது வீண். எதிரி, தாளில் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பதினோரு பேர்தாம். அவர்களிடம் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியாது. அவர்கள் குடித்துவிட்டு வருவதில்லை, முதுமை அடைவதில்லை, கதை சொல்லிச் சலிப்பூட்டுவதுமில்லை. யாராலும் பிரிக்க முடியாதவன் என்பதுதான் எதிரியின் பெருமை. அதனால்தான் அவளுக்கு மயக்கம். அப்படியென்றால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவனைப் பிரித்துவிட வேண்டும்.

தாள் எடுத்து எழுதினால் வீட்டில் தெரிந்துவிடும். ஆணி சாக்கட்டியை எடுத்தார். சோபாவின் மேல்துணியை வெட்டியதும் அதன் உட்பக்கத்தில் அளவுக்குறிகள் இடுவது தொழில் வழக்கம். அந்தக் குறிகளோடு வகுத்தலையும் போட்டார். பின்பு துணியை இழுத்து, உட்புறம் உள்ளேயே போகும்படி ஆணி அடித்தார். வக்கீல் வீட்டில், மருந்துக் கடைக்காரர் வீட்டில், பள்ளித் தலைமையாசிரியை வீட்டில் எல்லாம் விருந்தினர்கள் அவருடைய பொறாமையின் மேல் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் அருந்தினார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் அவர் குழம்பவில்லை. மனைவி பதினேழாயிரத்தைத் தாண்டிவிட்டாள். அதுவரை எதுவும் சிக்கவில்லை. பின்னால் போய் அவள் நடந்த வழியில் நடப்பது வீண். அவளோடு பக்கத்தில் நடந்தால் அவளே முந்திக்கொள்வாள். ஆகவே நன்றாகத் தாண்டிப்போய் இருபதாயிரத்துக்கு அப்பால் 20,021 இல் தொடங்கினார். மீதி வந்தது. அடுத்த 20,043 மூன்றால் வகுபடும், விட்டார். 20,065 ஐந்தில் முடிகிறது, விட்டார். 20,087 இலும் மீதி. மீதி வரும் ஒவ்வொரு முறையும், வாசற்படியில் நின்று கொண்டு எதிரி தம்மைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றும்.

மைத்துனன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு துணியைத் திருப்பியவன், திருப்பியபடியே நின்றான்.

"மாமா, இது சோபா அளவா? பதினொன்னாயிரம் கோடின்னு போட்டிருக்கு? யானை உட்காரப் போகுதா?"

"பதினொன்னாயிரம் இல்லடா, ஆயிரத்து நூத்திப் பதினொன்னு."

"அட! அக்காவோட ஆளு!" அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "மாமா, அதைத் தொடக்கூடாதுன்னு விதி இருக்கே. அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"உடைஞ்சா தெரியட்டும். உடைஞ்ச பிறகு அவளுக்கு வேற என்ன வேலை? பழையபடி என்கூட உட்கார்ந்து பேசுவா."

"அப்படியா நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு மைத்துனன் பஞ்சை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

தலைமையாசிரியையின் ஒற்றை நாற்காலிக்கு வெட்டிய பச்சைத் துணியில் அது நடந்தது. 21,627 மூன்றால் வகுபடும், விட்டார். அடுத்தது 21,649. ஈவு ஐந்து என்று தொடங்கியது. ஒன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று போயிற்று. கடைசியில் 194841 நின்றது. அதில் ஒன்பது முறை போகும் என்று தோன்றியது, பெருக்கினார். 194841. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றேதான். கழித்தார். எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் நம்பவில்லை. 21649-ஐ 513239-ஆல் பெருக்கிப் பார்த்தார். வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக ஒன்றுகள் வந்து வரிசையில் நின்றன, பிடிபட்ட திருடர்களைப் போல. ஆணி அந்தத் துணியை நாற்காலியில் அடிக்கவில்லை. தலைமையாசிரியைக்கு வேறு துணி வெட்டினார்.

அன்று சாயங்காலம் மனைவி தேநீர்க் கோப்பையோடு தாளைத் தேடியபோது அந்தப் பச்சைத் துணியை அவள் மடியில் விரித்தார்.

"என்னங்க இது?"

"படிச்சுப் பாரு."

அவள் படித்தாள். கோப்பையைத் தரையில் வைத்தாள். பேனாவை எடுத்து, தாளில் தானே ஒரு முறை பெருக்கினாள்; மீண்டும் ஒரு முறை வகுத்தாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த வியப்பு வரவில்லை.

"இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொன்பது" என்றாள் மெல்ல. "நான் பத்தொன்பதாயிரத்துல இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்ல நானே வந்திருப்பேன்."

"அதான் உடைஞ்சிடுச்சே. இனி என்ன?" ஆணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னைக்கு அந்த மருந்துக் கடைக்காரர் வந்தார் பாரு..."

"நீங்க ஏன் தொட்டீங்க?"

"உன்னைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாச்சு? அது வந்ததுலேர்ந்து நீ எங்க இருக்க? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் யாரு?"

அவள் துணியை நான்காக மடித்தாள். குரல் உயரவில்லை.

"காலையிலேர்ந்து நான் பதில் சொல்றவ. வண்டி எப்போ, எந்த மேடை, ஏன் வரல. எனக்குன்னு யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்துச்சு. ஒன்னே ஒன்னு. அதுக்கும் நீங்க பதில் சொல்லிட்டீங்க."

அந்த வாரம் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஆணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாளரத்தின் பின்னாலிருந்து பேசுபவளைப் போலப் பேசினாள். "சாப்பாடு மேசை மேல இருக்கு. தண்ணி வலது பக்கம்." கேட்ட கேள்விக்குத் துல்லியமான விடை, கேளாததற்கு ஒரு சொல்லும் இல்லை. தாளும் இல்லை, பேனாவும் இல்லை. சாயங்காலங்கள் முழுவதும் அவருக்கே கிடைத்தன. அவற்றில் அவள் மட்டும் இல்லை. செத்துப்போன எதிரியின் மீது அவருக்கு முன்னைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. உயிரோடு இருந்தவரை அவன் அவள் நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டான். இப்போது துக்கத்தையும் எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "நீங்களும் வாங்க" என்றாள். "உடைச்சது யாருன்னு நான் சொல்லணும். நீங்க நின்னு கேட்கணும்."

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் எல்லாரும் இருந்தார்கள். அவள் எழுந்து நின்று, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: என் எண் உடைந்துவிட்டது, உடைத்தவர் இவர், என்னைக் கேளாமல் உடைத்தார்.

சலவைக்கடை அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, கட்டின பொண்டாட்டியோட எண்ணையா?"

"ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் வரைபடக்காரர்.

ஆணியின் வாய் காலியாகத்தான் இருந்தது. ஆயினும் நாக்கின் நுனி பழக்கத்தில் அங்கே ஓர் ஆணியைத் தேடியது. டாக்டர் மட்டும் அவள் கொண்டுவந்திருந்த பச்சைத் துணியில் இருந்த கணக்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதி விதிதான், தப்பு தப்புதான். ஆனா கணக்கு சரி. சரிங்க, ரெண்டு துண்டு வந்திருக்கே. இந்தத் துண்டுங்க இன்னும் உடையுமா? அதைப் பார்த்தீங்களா?"

ஆணி திகைத்தார். பிரித்ததோடு பகை முடிந்தது என்று இருந்தவர் அவர். பிரித்த துண்டுகளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும் என்று நினைக்கவில்லை. "தெரியாதுங்க" என்றார்.

"அப்போ பாதிதான் முடிஞ்சிருக்கு. ஐந்து லட்சத்துச் சொச்சத்தை யாராவது உட்கார்ந்து..."

"உடையாது" என்றாள் மனைவி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ரெண்டுமே பகா எண்தான். யாரும் உட்கார வேண்டாம்." அவள் குரல் மாறியிருந்தது, யோசனை ஓட ஓடப் பேசுபவளின் குரல். "பெரிய துண்டு உடையணும்னா, உடைக்கிறதுல ஒன்னாவது எழுநூத்திப் பதினேழுக்குக் கீழ இருக்கணும். சின்னதுக்கு நூத்தி நாப்பத்தெட்டுக்குக் கீழ. துண்டை உடைக்கிறது எதுவா இருந்தாலும் முழு எண்ணையும் உடைக்கணும் இல்லையா? பத்தொன்பதாயிரம் வரைக்கும் எதுவும் உடைக்கலன்னு நான் பார்த்து வச்சிருக்கேன். ஒன்னு விடாம."

வரைபடக்காரர் தொடையில் தட்டினார். "அவர் உடைச்சார். இனிமே உடையாதுன்னு காட்டினது நீங்கம்மா!"

கை தட்டினார்கள். அவள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. அவள் பார்த்தது அந்த இரண்டு துண்டுகளை. ஒருவனை வெட்டப் போய் இருவராக்கி, அந்த இருவரையும் யாராலும் வெட்ட முடியாதவர்களாகவும் ஆக்கிவிட்டோமே என்று ஆணி தம்மையே நொந்துகொண்டார்.

"இன்னொரு விஷயம் இருக்கு" என்றார் டாக்டர். "ஒரு எண்ணை உடைச்சவங்கதான் அடுத்த எண்ணைச் சொல்லணும். இது நம்ம வழக்கம். எப்பவும் அவங்க எண்ணை அவங்களே உடைப்பாங்க, அதனால யாருக்கும் சிக்கல் வந்ததில்ல. இந்தத் தடவை சார்தான் சொல்லணும். சொல்லுங்க, அக்காவுக்கு அடுத்து என்ன?"

ஆணிக்கு அந்தக் கணத்தில் அதிருஷ்டம் காலடியில் வந்து விழுந்தது போல இருந்தது. பன்னிரண்டு ஒன்றுகள் என்று சொல்லிவிட்டால் போதும். கடைசித் துண்டு வரை உடைத்தாலும் அவளுக்கு ஒரே சாயங்காலம்தான். அதன்பின் வருவதெல்லாம் தம்முடையவை. சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. தாளின் மேல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தனக்கு என்ன கொடுக்கப்போகிறார் என்று காத்திருந்தாள். இந்த ஒரு வாரத்தில் தமக்குக் கிடைத்த சாயங்காலங்கள் எப்படிப்பட்டவை என்பதும் அவருக்கு நினைவில் இருந்தது.

"பதிமூணு ஒன்னு?" என்றார் தயங்கி.

"அதை நான் எப்பவோ உடைச்சாச்சு. அம்பத்து மூணுலயே போயிடுச்சு" என்றார் சலவைக்கடை அம்மாள்.

"அப்போ பதினேழு."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "பதினேழா? அது எத்தனை வருஷம் இழுக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஆனா ஒரு நிபந்தனை. எங்க நிக்கிறன்னு முதல்ல என்கிட்ட சொல்லணும். டாக்டர்கிட்ட அப்புறம்தான்."

"சொன்னா மறுபடி முன்னாடி ஓடிப்போய் நிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் சிரித்தாள், இம்முறை அவரைப் பார்த்து.

அவள் வாக்கு மாறவில்லை. நாள்தோறும் சாயங்காலம் தாளை மூடும்போது, எந்த எண்ணில் நிற்கிறாள் என்பதை முதலில் ஆணிக்குத்தான் சொல்கிறாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார். ஆயினும் தமக்குச் சொல்வது அவள் நிற்கும் உண்மையான இடந்தானா, அல்லது ஓர் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துச் சொல்லிவிட்டு மெய்யான எண்ணை டாக்டருக்கென்று வைத்துக்கொள்கிறாளா என்ற சந்தேகம் அவருக்கு இன்றுவரை தீரவில்லை. சரிபார்க்க ஒரு வழிதான் உண்டு: ஒரு சாயங்காலத்தில் எத்தனை எண் போகும் என்று தாமும் வகுத்துப் பார்ப்பது. பட்டறையில் சாக்கட்டிக்கும் குறைவில்லை, துணிக்கும் குறைவில்லை. மைத்துனன்தான் இப்போதெல்லாம் ஒவ்வொரு துணியையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பஞ்சு அடைக்கிறான்.